வளரிளம் பருவம்

10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இப்பருவத்தில் மூளையின் அடிப்பகுதியில் உள்ள பட்டாணி அளவிலான பிட்யூட்டரி சுரப்பியின் இயக்குநீர்கள் உடல் மாற்றங்களைத் தூண்டுகின்றன. உயரம் விரைந்து கூடுகிறது. சிறுவர்க்குக் குரல் உடைந்து மீசை அரும்புகிறது. சிறுமியர்க்கு மார்பகம் வளர்ந்து மாதவிடாய் தொடங்குகிறது. இம்மாற்றங்கள் ஒருவருக்கு முந்துவதும் மற்றொருவருக்குப் பிந்துவதும் இயல்பே, குறையன்று.

மாதவிடாய் நோயுமன்று; தீட்டுமன்று. கருவைத் தாங்குவதற்காகத் தடித்த கருப்பையின் உட்படலம், கரு உருவாகாதபோது குருதியுடன் வெளியேறுவதே மாதவிடாய். இதனை முன்னரே அறிந்த சிறுமி முதல் நாளில் அஞ்சமாட்டாள். அறிந்த சிறுவன் அவளைக் கேலி செய்யமாட்டான்.

தன் உடல் தனக்கே உரியது என்று உணர்வதும் இக்கல்வியின் பகுதியாகும். விரும்பாத தொடுதலை மறுக்கவும், அதனை நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் கூறவும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டு. 18 வயது நிறையாதோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கவே 2012ஆம் ஆண்டில் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. 1098 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி உதவி கோரலாம். குற்றம் இழைத்தவரே வெட்கப்பட வேண்டியவர். நடந்ததைக் கூறும் குழந்தை அன்று.

பயிற்சி

1. உடல் மாற்றங்களைத் தூண்டுபவை யாவை?
2. மாதவிடாய் எவ்வாறு ஏற்படுகிறது?
3. பிரித்து எழுதுக: குறையன்று = ______ + ______
4. வளரிளம் பருவக் கல்வியைச் சிறுவரும் சிறுமியரும் சேர்ந்து கற்பதன் பயன் குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.