எம் வளவிற்கு வந்த வல்லூறு

குறுந்தொகையின் 151 ஆம் பாட்டிலே எழால் என்னும் பறவை வருகின்றது. துணை பிரிந்த வேளையில் எழால் தன்மேல் வீழ, வங்காப் பேடையானது குழலோசை போன்ற குரலால் விட்டு விட்டுக் கூவுகின்ற காட்டுவழியை நினைந்து, தலைவன் தன் செலவைத் தவிர்க்கின்றான். இப்பாட்டை யாம் பல ஆண்டுகள் வகுப்பிற் கற்பித்தோம். ஒருமுறை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், எழால் எப்பிடி இருக்கும்?” என வினவினான். “பருந்து போல இருக்கும்” என்று கூறி அடுத்த பாட்டிற்குச் சென்றுவிட்டோம். மலராசிரியர் எம்மிடம் கேட்டது இலக்கியக் கட்டுரை. யாம் எழுதப் புகுந்ததோ பெரும்பாலும் கோழிக்குஞ்சைப் பற்றியதே. எனினும் அவ்வினாவிற்குரிய விடை இதனுள் இருத்தலின் பொறுத்தருள்வாராக.

எம் வளவின் மேற்கு வேலியோரம் மாமரம் ஒன்றுண்டு. வேலிக்கு அப்பால் அயல்வீட்டு ஆச்சியின் கோழிகள் மேயும். ஒருநாட் காலை ஆச்சி எம்மை அழைத்து, “தம்பி, உம்மடை மாவிலை ஒரு பிராந்து வந்து குந்துது. என்ரை குஞ்சு ரண்டைக் காணேல்லை. பேரனிட்டைச் சொல்லிக் கவணாலை அடிப்பிக்கப் போறன்” என்றார். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இத்தகைய பறவைகளைக் கொல்லுதலைத் தடுக்கின்றது என எடுத்துரைத்தோம். “அந்தச் சட்டம் என்ரை குஞ்சுக்கு இல்லையோ?” என்றார் ஆச்சி. இதற்கு விடை கூற எம் ஆசிரிய பயிற்சி போதவில்லை. பறவை இன்னது, அது உண்பது இன்னது என்பதைப் படம் பிடித்துக் காட்டுகின்றோம், அதுவரை பொறுத்திரும் என வேண்டிக்கொண்டோம்.

முதனாட் பிடித்த படங்களில் மாவிலையும் ஒரு வாலுமே இருந்தன. இரண்டாம் நாள் பறவை முழுதாக விழுந்தது. ஆயின் வானம் பின்னணியாக இருந்தமையால் அது கரிக்கட்டி போலத் தோன்றிற்று. ஒளியளவை ஒரு படி கூட்டினாலன்றி இறகின் நிறம் தெரியாது என்பதை அன்று கற்றோம். மூன்றாம் நாள் முற்றத்தை விட்டு அறைக்குள் அமர்ந்தோம். யன்னலிற் கரிய துணி தொங்கவிட்டு, அதன் இடைவெளியில் 300 மில்லிமீற்றர் வில்லை பூட்டிய பழைய கமராவை முக்காலியில் நிறுத்தினோம். பறவை பாயும் கணம் எமக்குத் தெரியாதாகையால், திரை திறந்து மூடும் நேரத்தைச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்காக அமைத்தோம். அது வருவதை அறிவிக்கும் பணியை அணில்களும் புலுனிகளும் ஏற்றுக்கொண்டன. அவை ஒருசேரக் கத்தின், கையைக் கமராவில் வைத்தல் வேண்டும். அவை திடீரென அடங்கின், மூச்சையும் அடக்கல் வேண்டும்.

இத்துறையில் இறங்க விரும்பும் மாணவர் ஒன்றை மறவாதிருப்பாராக. கூட்டை நெருங்கிப் படமெடுத்தல் ஆகாது. தாய் அஞ்சி அகலின் முட்டை குளிரும். காகமும் உடனே வரும். இரைகாட்டி அழைத்தலும் தகாது. சிலர் கோழிக்குஞ்சைக் கயிற்றிற் கட்டிவைத்துப் பிடித்த படங்களைக் கண்டுள்ளோம். அவற்றை யாம் படமென மதிப்பதில்லை.

ஐந்தாம் நாட் காலை படம் தெளிவாக விழுந்தது. முதுகு சாம்பனிறம், மார்பிற் செம்பழுப்பு நிறமான நெருங்கிய குறுக்குவரிகள், கண் குருதிச் சிவப்பு. காகத்திலுஞ் சிறிய உடல், குறுகி வட்டமான சிறகு, நீண்ட வரிவால். இது பருந்தன்று, வல்லூறு. கண்ணின் சிவப்பினால் முதிர்ந்த ஆண் என அறிந்தோம். பேடு இதனிற் பெரிது; இளம்பறவைக்கோ மார்பிற் குறுக்குவரிக்குப் பதிலாகக் கபிலநிற நெடும்புள்ளிகள் இருக்கும். 1955 இல் வெளிவந்த ஹென்றி என்பாரின் இலங்கைப் பறவை நூலைப் புரட்டி ஒவ்வொன்றாய் ஒப்புநோக்கினோம். அக்காக்குயிலும் ஏறத்தாழ இவ்வுடையே உடுத்திருக்குமாதலின் அலகை உற்று நோக்குதல் நன்று. வல்லூற்றின் அலகு கொளுக்கி போல வளைந்திருக்கும்.

செம்பருந்து வானில் வட்டமிட்டு இரை தேடும். வல்லூறோ இலைமறைவில் அசையாதிருந்து, கிளைகளினூடே அம்பெனப் பாயும். குறுஞ்சிறகும் நெடுவாலும் அதற்கென்றே அமைந்தவை. எழால், வல்லூறு, புல்லூறு, வைரி, இராசாளி என இத்தனை பெயர்களை முன்னோர் வைத்திருக்க, யாம் யாவற்றையும் பிராந்து என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். அன்று வினவிய மாணவர் இன்று பழைய மாணவராய் இம்மலரைப் படிப்பாராயின், ‘பருந்து போல’ என்ற எம் விடையை அடித்துவிடுக. துணையற்ற பேடைமேல் வீழ்வது வானில் வட்டமிடும் பறவையன்று. மறைந்திருந்து பாயும் இவ்வினமே.

அப்படத்தில் வல்லூற்றின் காலடியில் ஓர் ஓணான் கிடந்தது. மகிழ்ந்து ஆச்சியிடம் ஓடினோம். “பாருங்கோ ஆச்சி, அது தின்னிறது ஓணானை. உங்கடை குஞ்சைக் கீரிதான் கொண்டு போயிருக்கும்” என்றோம். ஆச்சி நம்பினார். கவண் கூரையிற் செருகப்பட்டது.

எட்டாம் நாள் அணில்கள் கத்தின. கமரா தொடர்ந்து பதினொரு படங்களை எடுத்தது. அவற்றுள் நான்கில், வல்லூற்றின் நகங்களிடையே மஞ்சட் குஞ்சு.

இரண்டு நாட்கள் அப்படங்களை ஒருவருக்குங் காட்டாதிருந்தோம். அழித்துவிடலாமோ என்ற எண்ணமும் எழுந்தது என்பதை மறைப்பானேன்? ஒரு படத்தைக் காட்டி ஒருவரை நம்பவைத்தபின், அதனை மறுக்கும் படத்தை ஒளித்தல் எம் தொழிலுக்கு ஒவ்வாது. மூன்றாம் நாள் வேலியருகே சென்று, “ஆச்சி, நான் சொன்னது பிழை” எனக் கூறி நான்கையுங் காட்டினோம்.

ஆச்சி கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்தார். “கண்ணைப் பாரும் தம்பி, இரத்தம் மாதிரி” என்றார். சற்றுநேரம் பேசாதிருந்தபின், “அப்ப இது எல்லாத்தையுந் தின்னும்” என்றார். அன்று மாலையே சந்தைக்கு ஆளனுப்பிப் பெரிய கரப்பு ஒன்றை வாங்குவித்துக் குஞ்சுகளை அதனுட் கவிழ்த்தார்.

மறுநாட் காலை யாம் பாடசாலைக்குப் புறப்படுகையில் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது. “தம்பி, உம்மடை ஆள் வந்திட்டார். ஓடிவந்து படத்தைப் பிடியும்.”