இரண்டுக்கும் நடுவே

தர்மசங்கடம் ஏதேனும் வந்தால் நம் பாட்டிமார், "இருதலைக் கொள்ளி எறும்பு போல ஆயிற்று" என்பார்கள். இரு முனையிலும் தீப்பற்றிய கட்டையில் அகப்பட்ட எறும்பு எப்பக்கம் ஓடும்? இந்நிலையைக் கூற ஆங்கிலத்திலும் பல தொடர்கள் உண்டு. அவற்றை இடமறிந்து வழங்க வேண்டும் என்பதை இவ்வாண்டு ஆங்கில வகுப்பில் கற்றோம்.

முதலாவது, 'பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் சீ'. ஒரு பக்கம் பேய், மறுபக்கம் ஆழ்கடல். ராபர்ட் மன்றோ என்ற ஸ்காட்லாந்துப் போர்வீரர் 1637-இல் வெளியிட்ட நூலிலேயே இது வந்துள்ளது.

இரண்டாவது, 'பிட்வீன் சில்லா அண்ட் கரிப்டிஸ்'. இது ஹோமரின் ஒடிசி காவியக் கதையிலிருந்து பிறந்தது. சில்லா, பாறைக் குகையில் வாழும் ஆறு தலைப் பூதம். கரிப்டிஸ், நாள்தோறும் மும்முறை கடல்நீரை விழுங்கிக் கக்கும் சுழல். ஒடிசியஸ் சில்லாவின் பக்கமாகக் கப்பலைச் செலுத்தினான். ஆறு பேரை இழந்தாலும் கப்பல் தப்பியது. இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையே உள்ள மெசினா ஜலசந்தியே அவ்விடம் என்று பிற்காலத்தார் கருதினர்.

'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்' என்பது அமெரிக்கரின் வழக்கு. 1921-இல் இதைக் குறித்து வைத்தவர்கள், கையில் காசின்றி நொடித்துப் போவது என்று பொருள் கூறினர்.

வேறு இரண்டையும் இவற்றோடு குழப்பக் கூடாது. 'சிட்டிங் ஆன் த ஃபென்ஸ்' என்பது துன்பப்படுபவரை அன்று, எப்பக்கமும் சேராமல் வேடிக்கை பார்ப்பவரைக் குறிக்கும். 'ஃபாலிங் பிட்வீன் டூ ஸ்டூல்ஸ்' என்பது இரண்டுக்கும் ஆசைப்பட்டு இரண்டையும் இழப்பது. மேலும், 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்' வர வேண்டும். 'ஆர்' வரக் கூடாது. இதனால் நாங்கள் பலர் மதிப்பெண் இழந்தோம்!

இத்தொடர்களை வாக்கியத்தில் அமைக்கும்படி சிஸ்டர் கூறினார்கள். நாங்கள் புலியையும் கிணற்றையும் வைத்து எழுதினோம். எங்களில் ஒருத்தி மட்டும், "நோயுற்ற தாய்க்கும் அரசுத் தேர்வுக்கும் இடையே, பேய்க்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அவள் அடிக்கடி பள்ளிக்கு வராத காரணம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சிஸ்டர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இலக்கணம் சரி அம்மா, பொருள்தான் தவறு. பேயும் கடலும் தீமைகள். உன் தாயும் படிப்பும் நன்மைகள் அல்லவா? அங்கே 'டார்ன் பிட்வீன்' என்று எழுது. இரு பக்கமும் அன்பு இழுக்கும்போது அதுவே பொருந்தும்" என்றார்கள். புனித சின்னப்பரும் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில், கிறிஸ்துவோடு இருக்கும் ஆவலுக்கும் மக்களுக்காக உயிர் வாழும் கடமைக்கும் நடுவே நின்றதைக் கூறுகிறார் என்று நினைவூட்டினார்கள்.

தீமைகள் இரண்டானால் குறைந்ததைத் தேர்ந்து தப்பலாம். நன்மைகள் இரண்டானால் எதையும் விட மனம் வராது. அப்போது துணை வேண்டும். அன்று முதல் நாங்கள் முறை வைத்து அவளுக்குப் பாடக் குறிப்புகள் எழுதிக் கொடுக்கிறோம். மாலையில் இருவர் அவள் வீடு செல்கிறோம். ஒருத்தி அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச, மற்றவள் கணக்குச் சொல்லித் தருகிறாள். தேர்வுக்கு அவளும் எங்களுடன் படித்து வருகிறாள்.

தோழியரே, பிறர் துயரம் எத்தகையது என்று அறிந்தால்தான் சரியான சொல் கிடைக்கும். சரியான சொல் கிடைத்த பின்புதான், நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்பதும் எங்களுக்கு விளங்கியது.

பத்தாம் வகுப்பு மாணவி