தேகப் பயிற்சி படித்த பிள்ளை வேலை தேடும் விதம்



நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் முன்போல் கடைக்கே வந்து சேருவதில்லை என்பது நாம் யாவரும் அறிந்த சங்கதி. டாக்டருக்கோ கணக்காளருக்கோ படித்தால் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். என் தங்கை மகன் ஒருவன், பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த பிள்ளை, பிட்னஸ் டிரெய்னர் பரீட்சையில் தேறிய தாளுடன் சென்ற வருஷம் கிள்ளானில் என் கடைக்கு வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குண்டு தூக்கக் கற்றுக் கொடுப்பதற்கு ஒரு சர்ட்டிபிகேட்டா, மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. "கடையில் இடம் கேட்டு வரவில்லை மாமு. ஆறு இடத்துக்கு எழுதிப் போட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை. வேலை கேட்பது எப்படி என்று உங்களிடம் கேட்கத்தான் வந்தேன்" என்றான்.

அடியேன் மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. தேகப் பயிற்சி சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பிள்ளையோடு நாலு மாதம் படியேறி இறங்கியதில் ஒரு விஷயம் விளங்கிற்று. இதுவும் ஒரு வியாபாரமே. சரக்கு மாத்திரம் வேறு. இதே படிப்புப் படித்த வாலிபர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். ஆகவே எழுதுகிறேன்.

இது நேற்று முளைத்த தொழில் என்று எண்ண வேண்டாம். யூஜின் சாண்டோ என்ற பயில்வான் 1905 வாக்கில் இந்தியாவைச் சுற்றிப் போனார். கையில்லாத பனியனை நாம் இன்றும் அவர் பெயர் சொல்லித்தான் விற்கிறோம். 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் என்ற உத்தியோகத்துக்கு அங்கே முறையான படிப்பு ஏற்பட்டது. டிரில் மாஸ்டருக்கு மாதச் சம்பளம் இருந்தது. இன்றைய டிரெய்னருக்கோ பல இடங்களில் அது பெயரளவுக்குத்தான் இருக்கிறது. தொல்லை முழுதும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். என்னும் திறன் சான்றிதழ் கொடுக்கிறது. முதல் மூன்று படிகள் சான்றிதழ். நாலும் ஐந்தும் டிப்ளோமா. இது தவிர ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். முதலிய அமெரிக்க ஸ்தாபனங்களின் பரீட்சைகளையும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அந்த அமெரிக்கத் தாள்களுக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான். மேற்கொண்டு பாடம் படித்துப் புதுப்பிக்க வேண்டும். கடை லைசென்ஸ் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சியும் கூடவே வேண்டும். மலேசியச் செம்பிறைச் சங்கத்தார் அந்த வகுப்பை நடத்துகிறார்கள். என் மருமகனின் சி.பி.ஆர். தாள் காலாவதியாகியிருந்ததை அவனே கவனிக்கவில்லை. ஆறு விண்ணப்பத்தோடும் அதைத்தான் இணைத்திருக்கிறான்! லைசென்ஸை மாட்டிவிட்டதால் மாத்திரம் கடைக்கு ஆள் வந்துவிடுமா என்பது வேறு கேள்வி.

எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதை முதலில் நிறுத்தச் சொன்னேன். சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் வேலைத்தளத்தில் பெயரைப் பதியட்டும், அது இலவசம். பிறகு காலால் நடக்கட்டும். எந்த நேரத்தில் நடப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நாசி கண்டார் கடையில் மத்தியானம் ஒரு மணிக்குப் போய் முதலாளியிடம் வேலை கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? ஜிம்மில் கூட்டம் விடியற்காலையிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும். நடுப்பகலில்தான் மேனேஜருக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். அந்த நேரத்தில் போனபோதுதான் அவனை உட்காரச் சொன்னார்கள்.

பிள்ளைகள் எல்லாரும் பேரங்காடிக்குள் கண்ணாடி போட்டுப் பளபளக்கும் பெரிய கூடங்களையே நாடுகிறார்கள். ஹோட்டல்கள் இருக்கின்றன, கிளப்புகள் இருக்கின்றன, பிசியோதெரபி நிலையங்கள் இருக்கின்றன. கொண்டோமினியம்களிலும் ஜிம் உண்டு. வெளி டிரெய்னரை விடுவதற்கு நிர்வாகத்தின் அனுமதி மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கிள்ளானிலேயே மாடிக் கடைகளில் சிறு கூடங்கள் எத்தனையோ. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொம்யூட்டர் ரயில் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆறு மணிக்குக் கதவு திறக்க வேண்டிய வேலைக்கு முதல் ரயில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதைப் பார்த்துக் கொண்டல்லவா சம்மதிக்க வேண்டும்?

இனிச் சம்பளத்துக்கு வருகிறேன். பெரிய கூடம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் சம்பளமில்லாமல் வேலை பழக வேண்டும், அதன்பின் கமிஷன் மட்டும், நீ சொந்தத் தொழில் செய்பவன், ஆகையால் இ.பி.எப். கிடையாது என்றார்கள். ஆனால் காலை ஏழு முதல் மாலை நாலு வரை அங்கேயே நிற்க வேண்டும், அவர்கள் சட்டைதான் போட வேண்டும், வேறிடத்தில் பாடம் சொல்லக் கூடாது. சகோதரர்களே, நாமும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள். இப்படி நிறுத்தி வைத்திருப்பவனுக்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியாதா? 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 101சி என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாதபோதும், ஒருவனுடைய வேலை முறையையும் நேரத்தையும் இன்னொருவர் கட்டுப்படுத்தினால், கருவிகளும் அவரே கொடுத்தால், அவனைத் தொழிலாளி என்றே அனுமானிக்க அது இடம் கொடுக்கிறது. தொழிலாளி என்றானால் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல் அது மாதம் 1,700 வெள்ளி. அதே ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கும் சேர்த்துத்தான். கமிஷனில் வேலை பார்ப்பவனுக்கும் இந்தத் தொகைக்குக் குறையக் கூடாது. 5,000 வெள்ளி வரை சம்பளமுள்ளவருக்கு முதலாளி 13 சதவீதம், தொழிலாளி 11 சதவீதம் என்று இ.பி.எப். கட்டியாக வேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. (இதை எழுதும்போது என் கடைச் சிப்பந்தியின் நேரத்தையும் ஒருதரம் எண்ணிப் பார்த்தேன் என்பதை ஒளிக்கவில்லை.)

அந்த இடம் வேண்டாம் என்று திரும்பினோம். அவன் உம்மாவுக்கு, அதாவது என் தங்கைக்கு, மகா வருத்தம். "கிடைத்ததையும் கெடுத்துவிட்டீர்களே காக்கா" என்றாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நிஜமாகவே சொந்தத் தொழிலாகச் செய்வதும் உண்டு, அதில் தவறொன்றுமில்லை. அப்படியானால் கணக்கு வேறு. சொந்தப் பெயரில் வியாபாரப் பதிவுக்கு எஸ்.எஸ்.எம்.மில் வருஷம் 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. சொக்சோவில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனித் திட்டம் இருக்கிறது. இ.பி.எப்.பிலும் தானாகவே பணம் போட்டு வரலாம்.

கணக்குக்காக ஒரு மணிப் பாடம் 100 வெள்ளி என்றும், டிரெய்னருக்கு 40 வெள்ளி என்றும் வைத்துக் கொள்வோம். நாளைக்கு எட்டு மணி நேரம், ஆகவே 320 வெள்ளி என்று என் மருமகன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். நான் பென்சிலை வாங்கி அடித்தேன். வேலைக்குப் போகிறவர்கள் வருவது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். நடுவில் விற்க முடியாது. மீன்காரனாவது மிஞ்சியதைக் கருவாடு போடுவான்; விற்காத மணியை எதில் போட்டு வைப்பது? அந்த ஐந்து மணியிலும் ஒருவர் மழை என்பார், ஒருவர் மீட்டிங் என்பார். நோன்பு மாதத்தில் நம்மவர் பலர் வரமாட்டார்கள். வருபவரும் தராவீஹுக்குப் பிறகு வருவார்கள். ஆக, நாளைக்கு மூன்று பாடம் நடந்தால் 120 வெள்ளி என்று எழுதச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் வாடகை பேசும் முன் தெரிய வேண்டிய கணக்கல்லவா?

இதனால்தான் எந்த இடத்துக்குப் போனாலும் சிலவற்றைக் கேட்டுவிடச் சொன்னேன். மாதச் சம்பளம் எவ்வளவு? பாடத்தில் பங்கு எவ்வளவு, அது பணம் கட்டும்போதா, பாடம் நடந்த பிறகா? வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வராவிட்டால் அந்த மணி யார் கணக்கில்? மாதம் இத்தனைப் பாடம் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா, விற்காவிட்டால் என்ன செய்வார்கள்? முதல் ஆறு மாதம் மூத்த டிரெய்னர் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்குவாரா? சம்பளம் சற்றுக் குறைந்தாலும், பழக்கிவிடும் கை உள்ள இடமே புதியவனுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். நாமும் முதலில் சாமான் கட்டப் பழகிய பிறகுதானே கல்லாவில் உட்கார்ந்தோம்.

நடத்திய பாடத்துக்கெல்லாம் தேதி போட்டு வாடிக்கையாளர் கையொப்பத்தோடு தனக்கென்று ஒரு நோட்டு வைக்கவும் சொன்னேன். பெரிய பெயரும் மறைவதுண்டு. 2017 ஜூன் மாதத்தில் ட்ரூ பிட்னஸ் நிறுவனம் மலேசியாவில் தன் கூடங்களை மூடியது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாக் கூடமும் ஒரே நாளில் அடைபட்டது. அப்போது வாடிக்கையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, படத்தில் பார்த்தே பாடம் நடத்திப் பிழைத்தவர்கள் உண்டு.

வாடிக்கையாளர் யார் என்பதில்தான் இந்தப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். தன் வயது வாலிபர்களையே தேடுகிறார்கள். அவர்களோ செல்பேசியைப் பார்த்துத் தாங்களே தூக்கிக் கொள்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. ஏறக்குறைய ஆறில் ஒருவர். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதிக எடை. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து, நாளைக்கு ஆறு கிளாஸ் தே தாரிக் குடிக்கும் நம்மை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? வாரத்தில் 150 நிமிஷமாவது மூச்சு வாங்க நடக்க வேண்டும், இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்களைப் பாருங்கள். ஸஜ்தாவிலிருந்து எழுந்து நிற்க முழங்காலில் பலம் வேண்டும் என்பதற்காகவே பணம் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் ஜிம்முக்குள் நுழைய வெட்கம். நம் பெண்மக்களோ பெண் டிரெய்னர் இருந்தால்தான் வருவார்கள்; அந்தப் படிப்புப் படித்த பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே வேலை இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் இதற்கு ஒரு பாடம் கண்ணெதிரே உண்டு. 1951-ல் ஏற்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கண் தெரியாத சகோதரர்கள் மசாஜ் தொழில் கற்று அந்தத் தெருக்களிலேயே கடை போட்டிருக்கிறார்கள். நான் போய்வரும் கடைக்காரர் என் குரலைக் கேட்டதும், "இடது தோள் எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார். விளம்பரம் எதுவும் வைத்து நான் பார்த்ததில்லை.

இவ்வகை வாடிக்கையாளரைத் தொடுமுன் எச்சரிக்கை வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மூட்டு வலி, சாப்பிடும் மருந்து எல்லாம் கேட்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு. அதை நிரப்பாமல் ஒரு கிலோவும் தூக்க வைக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியில் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். இனிப்பு கையில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் அழுத்தம் ஏறும். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். மாத்திரை விற்கும் ஆசை அறவே ஆகாது. மருந்து வாரியத்தில் பதிவானதற்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். எண்ணில்லாத டப்பாவைத் தொட்டால் தொழிலோடு மானமும் போகும்.

கடைசியில் கிள்ளானில் ஒரு மாடிக் கூடத்தில் நடுப்பகலில் போய்க் கேட்டான். அங்கிருந்தவர் தசையைக் காட்டச் சொல்லவில்லை. "என் மாமனாருக்கு அறுபத்தெட்டு வயது. தரையிலிருந்து எழ முடியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பாய்?" என்று கேட்டார். இவன் முதலில் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதிலிருந்து என்று செய்து காட்டினான். சம்பளம் 1,700 வெள்ளி, நடந்த பாடத்தில் பங்கு, ஆறு மாதம் மூத்தவரோடு பழக வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். என் தங்கையும் இப்போது பேசுகிறாள்.

அவனுக்கு முதல் போணி நான்தான். செவ்வாயும் வெள்ளியும் பஜ்ருக்குப் பிறகு போகிறேன். உறவுக்காரன் என்று தள்ளுபடி கேட்டேன், கொடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுகிறேன். தரையிலிருந்து எழுவதற்கு இன்னும் ஒரு கை ஊன்ற வேண்டியிருக்கிறது.