பூங்காவுக்குப் புறப்படுமுன்

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் இரு பெண் குழந்தைகளைப் பெங்களூரு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல உத்தேசித்திருக்கிறோம். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஐந்து. எவற்றைக் கவனிக்க வேண்டும்? — ஒரு தாய், சேலம்

பதில்: மைசூர் சாலையில் பிடதிக்கு அருகே 2005 முதல் நடந்துவரும் அந்தப் பூங்காவில், ராட்டினங்களில் ஏற்றுவது வயதைக் கேட்டு அன்று, உயரத்தை அளந்தே என்பதால், குழந்தைகளைச் செருப்பின்றிச் சுவரோரம் நிறுத்தி அளந்துபார்த்து, இளையவளுக்கு எவை இப்போது கிட்டமாட்டா என்பதை வீட்டிலேயே பிரியமாகச் சொல்லிவிடுங்கள். நெடுநேரம் வரிசையில் காத்திருந்து, முகப்பிலுள்ள அளவுகோலின் அருகே நிறுத்தப்பட்டு, "நீ போகக்கூடாது" என்று விலக்கப்படும் குழந்தையின் வாடிய முகம் எந்தப் பெற்றோருக்கும் சகிக்கக்கூடியதன்று. அக்காள் ஏறும் சமயத்தில் உங்களில் ஒருவர் தங்கையுடன் சிறுவர் பகுதியில் இருப்பதே உத்தமம்.

நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடை உதவாது; நைலான் உடைகளைச் சேலத்திலேயே வாங்கிவிடுங்கள். சுழலும் ராட்டினங்களைக் காலையில், வயிறு நிரம்புமுன் முடித்துக்கொள்வது தேகத்துக்கு நல்லது.

மிக முக்கியமாக நான் வற்புறுத்துவது இது: நீரில் இறங்கும்போது கைபேசி பெட்டகத்தில் கிடக்குமாதலால், கூட்டத்தில் குழந்தைகளின் கை நழுவினால் அதனால் பிரயோஜனமில்லை; ஆகவே, உள்ளே நுழைந்தவுடன் எளிதில் கண்ணில் படும் ஓரிடத்தைக் காட்டி, வழி தவறினால் அங்கேயே நிற்கும்படியும், சீருடை அணிந்த ஊழியரிடம் மட்டுமே பேசும்படியும் சொல்லி, அதை இருவரையும் திரும்பச் சொல்லவைத்துக் கேளுங்கள்.