பள்ளியின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்தால்



"பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார். பிள்ளையின் அத்தா எங்கே வேலை பார்க்கிறார், வீட்டில் எத்தனை பேர், பையன் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்றெல்லாம் கேட்கிறார். இதையெல்லாம் சொல்லலாமா?" உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வந்தவரின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று நாமே முடிவெடுக்க முடியும். ஆகவே இந்த இதழின் குடும்பப் பாடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஆசிரியரின் கவனம் பாடத்தில் இருக்கிறது. மனநல ஆலோசகரின் கவனம் பிள்ளையின் மனத்தில் இருக்கிறது. சமூகப் பணியாளர் பார்ப்பது பிள்ளையைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும்: வீட்டு வருமானம், உடல்நலம், வழித்துணை, தெரு, நண்பர்கள், வகுப்பறையில் அவனை நடத்தும் விதம். இவற்றில் எது படிப்பைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நீக்கக் கூடியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் கடமை. இந்தப் பணி 1906, 1907 வாக்கில் அமெரிக்காவின் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களில் தொடங்கியது. குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஏன் பள்ளியில் தங்குவதில்லை என்று அறிய வீடு வீடாகப் போனவர்களை அங்கே 'வீடு தேடி வரும் ஆசிரியர்' என்ற பொருளில் அழைத்தார்கள். நம் பக்கத்தில் சமூகப் பணியைக் கல்லூரிப் படிப்பாகச் சொல்லித்தரும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-இல் தொடங்கப்பட்டது. எம்.எஸ்.டபிள்யூ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்பவர்கள் படித்தது இந்தப் படிப்பைத்தான்.

ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் இதற்கென்று தனிப் பணியிடம் கிடையாது. சில தனியார் பள்ளிகள் சொந்தமாக நியமிக்கின்றன. சில இடங்களில் தொண்டு நிறுவனம் ஆள் அனுப்புகிறது. சில இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் களப்பயிற்சிக்காக வாரத்தில் ஓரிரு நாள் வருகிறார்கள். யாருமே இல்லாத பள்ளியில் அந்த வேலை வகுப்பாசிரியர் தலையில் விழுகிறது. மாவட்ட அளவில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அதிலும் சமூகப் பணியாளர்கள் உண்டு. அதனால் வீட்டுக்கு வருபவரிடம் முதலில் நீங்கள் கேட்க வேண்டும்: யார் அனுப்பியது, அடையாள அட்டை இருக்கிறதா, தலைமையாசிரியருக்குத் தெரியுமா? முறையாக வந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் நிலையில் வருபவர் ஆணாக இருந்தால், ஓர் ஆசிரியையுடன் வரச் சொல்லுங்கள், அல்லது பள்ளியிலேயே சந்திக்கிறோம் என்று சொல்லுங்கள். அதுவும் மரியாதைக் குறைவு ஆகாது.

எல்லா வயதிலும் இப்படி ஒருவர் தேவைதான் என்றாலும், உயர்நிலைப் பள்ளியில் ஏன் கூடுதலாகத் தேவை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பிள்ளையை ஃபெயிலாக்கி நிறுத்துவதில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் முதல் தடவையாக நிறுத்தப்படும் பயம் வருகிறது, அதே சமயத்தில் சட்டத்தின் கட்டாயமும் முடிந்துவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்திற்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவரை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்கிறது. குடும்பத் தொழிலுக்குப் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகளே உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கோ ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. அதாவது 15 வயதுப் பையன் செல்போன் கடையில் நிற்பதை இந்தச் சட்டங்கள் தடுக்கவில்லை. அவனைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவர ஒருவர் வீடு வரை நடந்து வந்து பேசினால்தான் உண்டு. நம் மஹல்லாக்களில் ஆண் பிள்ளைகள் படிப்பை விடுவது அதிகமாக இந்த இரண்டு வருடங்களில்தான் என்பது எங்கள் கணிப்பு.

பேசுவது என்றால் அறிவுரை சொல்வதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் செவ்வாய்க்கிழமை தோறும் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். சமூகப் பணியாளர் வருகைப் பதிவேட்டை மூன்று மாதத்திற்குப் புரட்டினால்தான் எல்லா விடுப்பும் செவ்வாய் என்பதே தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், செவ்வாய் என்பது குழுக்கடன் வசூல் நாள். உம்மா தவணையைப் புரட்டக் காலையிலேயே அலைகிறார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவன் வீட்டில் நிற்கிறான். இப்போது இது சோம்பேறித்தனமா? "ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த செவ்வாயும் அதே கதைதான். நல்ல பணியாளர் மூன்று இடங்களுக்குப் போவார். பக்கத்து அங்கன்வாடியில் அந்தக் குழந்தையைச் சேர்க்க முடியுமா என்று கேட்பார். வகுப்பாசிரியரிடம் காரணத்தை எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சொல்லி, விட்டுப்போன பாடங்களுக்கு ஏற்பாடு செய்வார். உம்மா சம்மதித்தால், வட்டிக் கடனை அடைக்க கர்ளன் ஹஸனா கிடைக்குமா என்று ஜமாஅத்தின் பைத்துல்மாலை விசாரிப்பார். கடைசியாகச் சொன்னது நம் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பணியாளரிடம் பணம் இல்லை. யாரிடம் எது இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அவர் வீட்டைப் பள்ளிக்கு விளக்குவது போலவே பள்ளியை வீட்டுக்கும் விளக்க வேண்டியவர். இது பலருக்குத் தெரிவதில்லை. ரமளான் இப்போது பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் வருகிறது. தராவீஹ் முடிந்து தூங்கி, ஸஹருக்கு எழுந்து, முதல் பாடவேளையில் கண் சொக்கும் பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் 'இரவெல்லாம் செல்போன்' என்று நினைத்துவிடலாம். அந்த மாதத்தில் மாலைச் சிறப்பு வகுப்பு இஃப்தார் நேரத்தைத் தொடாமல் இருக்கட்டும், விளையாட்டுப் பயிற்சியை நோன்பு வைத்த பிள்ளைக்குக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் சமூகப் பணியாளர். அதே மனிதர் நம்மிடமும் ஒன்று சொல்வார், அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்: தராவீஹுக்குப் பிறகு தெருவில் நள்ளிரவு வரை நிற்பது இபாதத் இல்லை.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். சொன்னது வெளியே போகுமா? நம் மொழியில் இதற்கு அமானிதம் என்ற சொல் இருக்கிறது. பணியாளரின் தொழில் நெறியும் அதைத்தான் கேட்கிறது. கணவன் மனைவி சண்டை, கடன், நோய், தந்தை பணம் அனுப்பாதது போன்றவற்றை அவர் ஆசிரியர் அறையில் பேசக் கூடாது, அடுத்த வீட்டில் கேட்கக் கூடாது, பிள்ளையின் முன்னால் உங்களை விசாரிக்கவும் கூடாது. எதை எழுதி வைக்கிறார், யார் பார்ப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு விருப்பமில்லை என்று சொல்லலாம். பொய் சொல்வதைவிட அது நல்லது. தவறான தகவலை வைத்துக்கொண்டு அவர் தவறான கதவைத் தட்டுவார்.

ஆனால் காக்க முடியாத இரகசியமும் உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர் மௌனமாக இருக்க முடியாது. பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருப்பதாக அறிந்தால், 2012-இன் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்தக் கடமை பணியாளருக்கு மட்டும் இல்லை, ஆசிரியர், மருத்துவர், உறவினர் என விஷயம் தெரிந்த பெரியவர் எல்லோருக்கும் உண்டு, மறைத்தால் தண்டனையும் உண்டு. "குடும்ப மானம், ஜமாஅத்திலேயே பேசி முடித்துக்கொள்வோம்" என்று சொல்லும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. அந்த இடத்தில் மானம் காக்கப்படுவது குற்றம் செய்தவனுக்குத்தான். பிள்ளை நேராகவே உதவி கேட்க 1098 என்ற எண் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

திருமணப் பேச்சும் இதை ஒட்டி வருகிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளை நிறுத்திவிடும் வீடுகள் குறைந்து வருகின்றன, அல்ஹம்துலில்லாஹ், ஆனால் தீர்ந்துவிடவில்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. 18 நிறையாத மனைவியுடன் உறவு கொள்வதும் வன்கொடுமைக் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. ஷரீஅத் சட்டம் குறித்த வாதங்களுக்குள் இங்கே நாம் போகவில்லை. நடைமுறையில் வழக்கு வருவது மாப்பிள்ளை மீது, அலைவது இரு குடும்பமும். நிக்காஹ் பதிவேட்டில் எழுதுமுன் பிறப்புச் சான்றிதழைக் கேட்கும் ஜமாஅத்கள் இந்தத் துன்பத்தைத் தவிர்க்கின்றன. சமூகப் பணியாளர் இதில் மிரட்டுவதைவிடக் கணக்குச் சொல்வதே பயன் தரும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் உண்டு. பத்தோடு வீட்டில் நிறுத்தினால் அந்த வாய்ப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. மகளை நிறுத்துவதற்கு உண்மைக் காரணம் சில சமயம் திருமணமே இல்லை. மேல்நிலைப் பள்ளி தூரம், பேருந்தில் தொல்லை, பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைச் சொன்னால்தான் அவரால் செய்ய முடியும்.

பையன் உதட்டில் புகையிலைப் பொட்டலம் வைத்துப் பிடிபட்டால், பள்ளியின் முதல் யோசனை டி.சி. கொடுப்பதாக இருக்கும். வீட்டின் முதல் யோசனை பெல்ட்டாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று, மருத்துவரிடம் அழைத்துப் போய், வகுப்பிலேயே அவனை வைத்திருக்கப் பாடுபடுவதும் அவர் கடமைதான். எழுத்துக்கள் குழம்பும் பிள்ளைக்கும் அப்படியே. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. உரிய சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். சான்று வாங்கும் வேலையைத் தேர்வுக்கு முந்திய மாதம் தொடங்கினால் நடக்காது, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

அவருக்கு மிக முக்கியமான நாட்கள் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அடுத்த இரண்டு வாரங்கள். ஒன்றிரண்டு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கச் சில நாட்களே தருவார்கள். பிள்ளை அழுதுகொண்டு அறைக்குள் கிடக்கும், வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், அந்த நாட்கள் கடந்துவிடும். அதற்குள் மாமா ஒருவர் கடைக்கு ஆள் தேவை என்று வந்துவிடுவார். துணைத்தேர்வு வேண்டாம் என்றாலும் ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தகுதிக்கே சில தொழிற்பிரிவுகள் இருக்கின்றன, தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. பள்ளியில் சமூகப் பணியாளர் இல்லாத ஊர்களில் இதைச் சொல்ல ஆளே இல்லை. எனவே இந்த ஆண்டு முடிவு வெளியாகும் வாரத்து ஜும்ஆவுக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், நம் அறக்கட்டளையின் கல்விக் குழுவினர் பள்ளிவாசல் வளாகத்தில் அஸர் வரை இருப்பார்கள், பெண்களுக்குத் தனி இடத்தில் பெண் உறுப்பினர்கள் இருப்பார்கள். மதிப்பெண் விவரம், ஆதார், இரண்டு போட்டோ கொண்டு வாருங்கள். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் குழுவிடம் தனியே சொன்னால் போதும், ரசீதில் யார் பெயரும் வராது.