பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியது ஆறுதல்

பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள் மரணத்தையே விரும்பினார்கள். அப்போது அவர்களுக்குக் கிடைத்தது கண்டிப்பு அல்ல. ஓர் ஆறுதல் குரலும் நீரூற்றும் பேரீச்சம்பழமும்தான் (19:23-26).

பிரசவமான சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் அழுகை, தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை நீடித்தால் அது நோய். ஈமான் குறைவோ சோம்பலோ அல்ல. தாய் வாடினால் பிள்ளையும் வாடும்.

வெளியே செல்ல இயலாதவர்கள் அரசின் டெலி மானஸ் 14416 எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேசி முடிக்கும்வரை குழந்தையை நாம் வாங்கி வைத்துக்கொள்வோம். தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் வருவதாகச் சொன்னால், ஒரு நொடியும் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.