இரத்தப் பரிசோதனைக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு?

நம் வியாபார அன்பர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடை வாடகை, லைசென்சு, சரக்குக் கொள்முதல் ஆகியவற்றைத் தவணை தவறாமல் பார்ப்பார்கள். தங்கள் உடம்பின் கணக்கை மட்டும் அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போடுவார்கள். ஒருவழியாக மனம் துணிந்து இரத்தம் சோதிக்கப் போகும் நாளிலாவது அந்தச் சோதனை முறையாக நடக்க வேண்டாமா?

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உண்டு. அவர்களில் பலர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். சோதனைக்கு முன் உண்டதையும் உண்ணாததையும் கவனியாமல் விட்டால், நோயில்லாதவரை நோயாளி என்றும், நோயுள்ளவரைச் சுகவாசி என்றும் காகிதம் சொல்லிவிடக்கூடும். ஆகவே இப்பாடத்தைக் குடும்பத்தாருக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

‘புவாசா’ என்றால் நோன்பா?

கிளினிக்கில் தாதி, “எட்டு மணி நேரம் புவாசா இருந்து வாருங்கள்” என்பார். மலாய் மொழியில் ரமலான் நோன்புக்கும் அதே சொல்தான். வைத்தியர் கேட்கும் வெறும் வயிற்றுக்கும் அதே சொல்தான். நம்மவர்களில் சிலர் இதனை நோன்பு என்றே எடுத்துக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமல் வாடிய முகத்தோடு போய் நிற்கிறார்கள். இது தவறு.

மார்க்க நோன்பு கதிரவனைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதில் தண்ணீரும் விலக்கு. வைத்தியர் சொல்லும் ‘புவாசா’ கடிகாரத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதில் வெறும் தண்ணீர் தாராளமாக அருந்தலாம். அருந்துவதே நல்லது. நீர் வற்றிய உடம்பில் நரம்பு எளிதில் அகப்படாது. இரத்தமும் சற்றுத் தடித்து, சில அளவுகள் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

எந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம்?

1. வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனை: குறைந்தது 8 மணி நேரம்.

2. சர்க்கரை நீர் குடித்துச் செய்யும் சோதனை: 8 முதல் 14 மணி நேரம். முதலில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். இதற்கு முந்திய மூன்று நாட்களும் வழக்கம்போல் சோறும் ரொட்டியும் உண்டிருக்க வேண்டும்.

3. கொழுப்புச் சோதனை: பழைய வழக்கம் 9 முதல் 12 மணி நேரம். 2016-ஆம் ஆண்டு ஐரோப்பிய வல்லுநர்கள், வழக்கமான சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று கூட்டாக அறிவித்தனர். ஆயினும் டிரைகிளிசரைடு எனும் கொழுப்பு மிகுந்திருப்பவருக்கு வெறும் வயிற்றோடு மறுசோதனை தேவைப்படும். உங்கள் வைத்தியர் எதைச் சொன்னாரோ அதையே பின்பற்றுங்கள்.

4. எச்.பி.ஏ.1.சி. எனப்படும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை: உண்டுவிட்டும் போகலாம்.

5. இரத்த அணுக்களின் எண்ணிக்கை, தைராய்டு, சிறுநீரகச் சோதனை: பெரும்பாலும் வெறும் வயிறு வேண்டியதில்லை. ஆனால் இறைச்சியை மிகுதியாக உண்டுவிட்டுப் போனால், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சற்று ஏறித் தெரியும். கந்தூரிச் சோற்றுக்கு மறுநாள் இச்சோதனைக்கு உகந்ததன்று.

ஏன் இந்தக் கணக்கு?

கடை திறக்குமுன் கல்லாவை எண்ணினால் நேற்றைய இருப்பு சரியாகத் தெரியும். வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது எண்ணினால் எது இருப்பு, எது வரவு என்று பிரிக்க முடியாது. சர்க்கரையும் அப்படித்தான். உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறி, பின் மெல்ல இறங்குகிறது. இரவில் ஆகாரம் நின்றபின், ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை அளவாக விடுகிறது. இன்சுலின் அதனைக் கட்டுக்குள் வைக்கிறது. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்பதைத்தான் காலைச் சோதனை காட்டுகிறது. கொழுப்போ சர்க்கரையைவிட மெதுவாக இறங்குவது; அதனால்தான் அதற்கு நேரம் அதிகம்.

“எட்டு மணி நேரம் நல்லதென்றால், பதினெட்டு மணி நேரம் இன்னும் நல்லதல்லவா?” என்று கேட்பாரும் உளர். அல்ல. வெகுநேரம் பட்டினி கிடந்தால் ஈரலின் சேமிப்புக் குறைந்து, உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். சோதனையின் அளவுகளும் மாறும். 14 மணி நேரத்தைத் தாண்டாதிருப்பதே உத்தமம்.

கடைக்காரரின் கடிகாரம்

சாப்பாட்டுக் கடை நடத்துவோர் இரவு ஒரு மணிக்குக் கடையைக் கட்டி, அதன் பிறகே சோறும் ஆணமும் உண்கிறார்கள். காலை 8 மணிக்குக் கிளினிக்குக்குப் போய், “இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றும் உண்ணவில்லை” என்கிறார்கள். சொல் உண்மைதான், ஆனால் கணக்கு 7 மணி நேரமே. அவர்கள் 9 மணிக்குப் பின்னரே இரத்தம் கொடுக்க வேண்டும். கொழுப்புக்கு 12 மணி நேரம் என்று சொல்லப்பட்டிருந்தால், முதல்நாள் மட்டும் இரவு 9 மணிக்கே உண்டு முடித்து, மறுநாள் காலை 9 மணிக்குப் போகலாம்.

கடைசியாக உண்ட நேரத்தை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் மறதியாக ஏதேனும் அருந்திவிட்டால் தாதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு நாள் கொடுப்பார். அல்லது உண்டபின் எடுத்தது என்று குறித்துக்கொள்வார். மறைப்பதால் நஷ்டம் நமக்கே.

தே தாரிக் கூடாது. அதில் பாலும் சர்க்கரையும் உண்டு. சர்க்கரையில்லாத கோப்பி-ஓவும் வேண்டாம். சிகரெட், வெற்றிலை பாக்கு, மிட்டாய், இருமல் மருந்து ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். அன்று காலை மூட்டை தூக்குவதும் ஓடுவதும் வேண்டாம். சோதனை முடிந்தவுடன் பசியாறிக்கொள்ளலாம்.

மருந்து உட்கொள்வோர் கவனிக்க

நீரிழிவுக்கு இன்சுலின் போடுவோரும், சில வகை மாத்திரைகள் உண்போரும், வெறும் வயிற்றில் வழக்கம்போல் மருந்தை எடுத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும்; வண்டி ஓட்டும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து. சோதனை நாளில் எந்த மருந்தை எப்போது எடுப்பது என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பெரும்பாலும் தண்ணீரோடு எடுத்துக்கொள்ளலாம். அதையும் கேட்டு உறுதி செய்துகொள்வது நலம். காத்திருக்கையில் மயக்கம் வந்தால் சோதனையைவிட உயிர் பெரிது. உடனே இனிப்பு உண்ணுங்கள்.

ரமலான் மாதத்தில்

“நோன்போடுதானே இருக்கிறேன், காலை 9 மணிக்கு இரத்தம் கொடுத்துவிடலாமே” என்று எண்ணுவது நம்மிடையே மிகுதி. ஸஹர் உணவை 5.30 மணிக்கு முடித்தவருக்கு 9 மணிக்கு மூன்றரை மணி நேரமே ஆகியிருக்கும். 8 மணி நேரம் நிறைவது பகல் 1.30 மணிக்கு. அதிலும் ஒரு குறை உண்டு: வெறும் வயிற்றுச் சர்க்கரை காலையைவிடப் பிற்பகலில் சற்றுக் குறைவாகவே தெரியும், வைத்தியர்களின் அளவுகோலோ காலைச் சோதனையைக் கொண்டது. ஆகவே அவசரமில்லாத சோதனையை ரமலானுக்கு முன்பே முடிப்பது சிறந்தது. நீரிழிவுள்ளோர் ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் காண வேண்டும் என்பது வல்லுநர் ஆலோசனை.

இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமோ என்று அஞ்சுவோர் உண்டு. உடம்பிலிருந்து இரத்தம் குத்தி எடுப்பது நோன்பை முறிப்பதில்லை என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நிலை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் இவ்வாறே. அப்படிப் பார்க்கையில் சர்க்கரை 3.9-க்குக் கீழே இறங்கினாலும், 16.6-க்கு மேலே ஏறினாலும், நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் எச்சரிக்கை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கம் இல்லை.

முடிவு கைக்கு வந்ததும்

வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேலிருந்தால் நீரிழிவு என்று கொள்வர். நோய்க்குறி ஏதுமில்லாதவருக்கு இன்னொரு சோதனையால் உறுதி செய்வர். ஊருக்குப் போய்ச் சோதித்து வருவோரின் காகிதத்தில் 126 என்பதுபோல் எண் இருக்கும். பயப்பட வேண்டாம், இது நாணய மாற்றுப் போன்றது. அந்த எண்ணை 18-ஆல் வகுத்தால் இங்குள்ள கணக்கு வரும்: 126 என்பது 7.0. இது சர்க்கரைக்கு மட்டுமே. கொழுப்புக்கு வேறு கணக்கு.

சோதனைக்கு முந்திய ஓரிரு நாட்கள் மட்டும் வாயைக் கட்டி நல்ல எண் வாங்கி வருவோரும் உண்டு. அவர்களை மூன்று மாதச் சோதனை காட்டிக் கொடுத்துவிடும். சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் உயிர் வாழ்பவை. அக்காலத்தின் சர்க்கரைக் கணக்கு அவற்றில் பேரேடுபோல் பதிந்திருக்கும். இரத்தசோகை, தலசீமியா உள்ளவர்களுக்கு மட்டும் இப்பேரேடு பிழைபடலாம்; அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், பெற்றோருக்கு நீரிழிவு இருந்தவர்கள், இனியும் காலம் தாழ்த்த வேண்டாம். இந்த வாரமே ஒரு காலைப் பொழுதைக் குறித்து, கடைச் சாவியை நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டு, வெறும் தண்ணீர் அருந்திப் புறப்படுங்கள். வீட்டில் உள்ள பெண்மக்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.